எல்லாப் பாட்டையும் பாடத்தான் வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதப் பகுதியில் ஓர் அன்பர் கொதித்துப்போய் எழுதியிருந்தார். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த ஓர் இசையமைப்பாளரின் நிகழ்ச்சிக்குக் குடும்பத்தோடு போனாராம். கொடுத்த காசுக்கு, எதிர்பார்த்த பாட்டுகளில் பாதிகூட வரவில்லையாம். யாருக்கும் தெரியாத பாட்டுகளைப் பாடி நேரத்தை ஓட்டிவிட்டார்களாம். இனிமேல் ஏற்பாட்டாளர்கள் பாட்டுப் பட்டியலை முன்கூட்டியே வெளியிட வேண்டும், ஹிட் பாட்டுகள் கட்டாயம் இருக்கும் என்று உறுதி தர வேண்டும் என்று முடித்திருந்தார்.

அந்த நிகழ்ச்சிக்கு நானும் போயிருந்தேன். அவருடைய பணம், அவருடைய கோபம். அதில் குறுக்கே வர எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த இரண்டு யோசனைகளும் என் வயிற்றைக் கலக்குகின்றன. எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்று முடிவு செய்வது மேடையில் நிற்பவரின் வேலை. அந்த வேலையை டிக்கெட் வாங்கியவரிடம் கொடுத்துவிட்டால், அப்புறம் எதற்கு விமானச் செலவு செய்து ஆளை வரவழைக்க வேண்டும்? வீட்டிலேயே ஸ்பீக்கரைப் போட்டுக் கேட்டுக்கொள்ளலாமே.

இதைப் பேச நீ யார் என்று கேட்கலாம். நான் ராக் இசை ரசிகை. அறுபதைத் தாண்டிய, ஈசூன் ஈரச்சந்தையில் தெங்கிரி மீனுக்குப் பேரம் பேசுகிற ஒரு பாட்டி இப்படிச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்துப் பட்டறையில் வேலை பார்த்தவர். தளத்துக் குடியிருப்பில்தான் நாங்கள் வளர்ந்தோம். 1971இல் பிரிட்டிஷ் படைகள் மூட்டை கட்டியபோது, அங்கிருந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் தூக்கிக்கொண்டு போக முடியாததையெல்லாம் அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். அக்கம்பக்கத்தில் எல்லாரும் மின்விசிறி, சைக்கிள், அலமாரி என்று வாங்கினார்கள். என் அண்ணன் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டு வாங்கி வந்தார். அப்பாவிடம் நன்றாக வாங்கியும் கட்டிக்கொண்டார். டீப் பர்ப்பிள், லெட் செப்பலின், பிளாக் சபாத். எல்லாம் பிரிட்டிஷ் ராக் குழுக்கள். அம்மாவுக்கு அது பழைய இரும்புக்கடையில் லாரி சரக்கைக் கொட்டுகிற சத்தம். எனக்கு அன்றைக்குப் பிடித்தது இன்னும் விடவில்லை.

1972 பிப்ரவரி 14ஆம் தேதி லெட் செப்பலின் சிங்கப்பூரில் பாடியிருக்க வேண்டும். ஆண்கள் நீளமுடி வளர்ப்பதற்கு எதிராக அரசாங்கம் இயக்கம் நடத்திய காலம் அது. நீளமுடி ஆண்களைக் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று அரசாங்க அலுவலகங்களில் படம் போட்டு அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள். அந்த முடியோடு உள்ளே வர முடியாது என்று குழுவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2 நாள் கழித்து அவர்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாடினார்கள். அந்தச் சுற்றில் கச்சேரியைத் தொடங்கி வைக்கும் பாட்டு எது தெரியுமா? 'இமிகிரண்ட் சாங்'. குடிநுழைவில் மறித்து அனுப்பப்பட்ட குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான முதல் பாட்டு கிடைக்குமா! அண்ணன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் முடியும் காதைத் தாண்டித்தான் இருந்தது. சந்தர்ப்பத்தை விடாமல் அப்பா அதையும் வெட்ட வைத்தார்.

நான் கப்பல் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். கணக்குப்பிள்ளை புத்தி கச்சேரியிலும் போகாது. வீட்டுக்கு வந்ததும் எந்தப் பாட்டுக்குப் பின் எது வந்தது என்று ஒரு பள்ளி நோட்டில் எழுதி வைத்துவிட்டுத்தான் படுப்பேன். 1993 ஏப்ரலில் சிங்கப்பூர் உள்ளரங்கில் மெட்டாலிகா குழு வாசித்ததிலிருந்து இந்தப் பழக்கம். ஓரத்தில் சின்னச் சின்னக் குறிப்புகள் இருக்கும்: 'இங்கே தொண்டைக்கு ஓய்வு', 'கிட்டார் மாற்றினார்', 'கூட்டம் உட்கார்ந்துவிட்டது'. இப்போது உலகத்தில் எந்த ஊரில் எந்தக் குழு பாடினாலும் அந்த வரிசை அன்றிரவே இணையத்தில் வந்துவிடுகிறது. ஆனாலும் கூட்டம் எந்தப் பாட்டில் உட்கார்ந்தது என்று அதில் யாரும் போடுவதில்லை. அது என் நோட்டில்தான் இருக்கிறது.

என் கணவருக்கு இந்தச் சத்தமே ஆகாது. அவர் கர்நாடக சங்கீதப் பைத்தியம். சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகத்தில் கச்சேரி என்றால் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்கள் வழிதானே" என்றார். வர்ணத்தில் தொடங்கிக் குரலைப் பதப்படுத்துவது, விறுவிறுப்பாகச் சில கீர்த்தனைகள், அப்புறம் நின்று நிதானமாக விரித்துப் பாட ஒரு பெரிய உருப்படி, மிருதங்கம் தனியாக ஒலிக்கும் தனி ஆவர்த்தனம், கடைசியில் சின்னச் சின்னத் துக்கடாக்கள், முடித்து வைக்கும் மங்களம். இன்றைய கச்சேரிக்கு இந்த வடிவத்தைத் தந்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் என்று அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். யோசித்துப் பார்த்தால் ராக் குழுக்களும் அந்தப் பாதையில்தான் போகின்றன. வேகமான பாட்டோடு உள்ளே வருவார்கள். நாலைந்து பாட்டுக்குப் பிறகு ஒரு மெதுவான பாட்டு. நடுவில் நீளமான ஒன்று. 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' டீப் பர்ப்பிளின் துக்கடாவா மங்களமா என்று எங்கள் வீட்டில் இன்னும் தீராத வழக்கு. சென்னை சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிப்பேர் கேன்டீனுக்குக் கிளம்புவார்கள். இங்கே ட்ரம்ஸ் தனியாக வாசிக்கத் தொடங்கியதும் பாதிப்பேர் பீர் வாங்கக் கிளம்புவார்கள். மிருதங்கக்காரரும் பாவம், ட்ரம்மரும் பாவம்.

அரியக்குடியிடம் போய், "ஐயா, பெரிய உருப்படியெல்லாம் வேண்டாம், எங்களுக்குத் தெரிந்த துக்கடாவாகவே மூன்று மணி நேரம் பாடுங்கள்" என்று யாராவது கேட்டிருப்பார்களா? உங்கள் வாசகர் கேட்பது ஏறக்குறைய அதுதான்.

அண்ணன் பிற்பாடு வாங்கிய தட்டுகளில் 'மேட் இன் ஜப்பான்' என்று ஒன்று. 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் தோக்கியோவிலும் டீப் பர்ப்பிள் நடத்திய கச்சேரிகளிலிருந்து எடுத்தது. இரண்டு தட்டு, நான்கு பக்கம். மொத்தப் பாட்டு 7. கடைசிப் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு, 20 நிமிடத்தை நெருங்கும். 'சைல்ட் இன் டைம்' மட்டும் 12 நிமிடம். முதலில் ஆர்கன் மெல்ல நடக்கும், குரல் படிப்படியாக ஏறி அலறலாகும், பிறகு கிட்டார் பிய்த்துக்கொண்டு போகும். இன்றைய கணக்குப்படி பார்த்தால் அந்த ஜப்பானிய ரசிகர்களை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள். 50 ஆண்டு கழித்தும் அந்தத் தட்டை உலகம் முழுக்க வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

தெரியாத பாட்டு என்று வாசகர் சலித்துக்கொண்டாரே, அதற்கு வருகிறேன். 2011 பிப்ரவரி 15, உள்ளரங்கில் அயர்ன் மெய்டன். அந்தக் குழுவின் பாடகர் புரூஸ் டிக்கின்சன் ஒரு விமானி. ஆட்களும் கருவிகளும் ஏறிய போயிங் 757 விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு அந்தச் சுற்றில் ஊர் ஊராகப் போனார். மாஸ்கோவில் தொடங்கி அடுத்தது நம் ஊர். மொத்தம் 16 பாட்டு, அதில் 5 அப்போதுதான் வந்திருந்த புதுத் தொகுப்பிலிருந்து. தொடக்கமே புதுப்பாட்டு, இரண்டாவதும் புதுப்பாட்டு. மூன்றாவதாகத்தான் எல்லாருக்கும் தெரிந்த பழைய பாட்டு ஒன்றைத் தொட்டார்கள். எனக்கு முன்னால் நின்ற தம்பி ஒருவர், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் பழைய பாட்டின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தார். ராக் கச்சேரியில் இப்படி ஒருவர் எப்போதும் இருப்பார். சில சமயம் எனக்கு ஒரே ஆள்தான் எல்லாக் கச்சேரிக்கும் வருகிறாரோ என்று சந்தேகம் வரும்.

பத்தாவதாக ஒரு 11 நிமிடப் பாட்டு, அதுவும் புதுசு. அணுகுண்டு விழப்போகிறது என்று நம்பி நிலவறையில் பதுங்கும் ஒரு முதிய தம்பதியின் கதை. நம் வில்லுப்பாட்டு மாதிரி கதையாகப் போகும். கத்திக்கொண்டிருந்த தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் நோட்டில் அந்த இடத்தில் 'யாரும் வெளியே போகவில்லை' என்று எழுதியிருக்கிறேன். இதே குழு 2006இல் ஒரு புதுத் தொகுப்பை முதலிலிருந்து கடைசிவரை மேடையில் வாசித்து ரசிகர்களிடம் வசவு வாங்கியது. இருந்தும் 2011இல் 5 புதுப்பாட்டோடு வந்தார்கள் பாருங்கள், அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும். இல்லாவிட்டால் அவர்கள் தங்கள் பழைய பாட்டுகளையே நகலெடுத்துப் பாடும் குழுவாகச் சுருங்கிவிடுவார்கள்.

உலகம் சுற்றும் பெரிய குழுக்கள் எல்லா ஊரிலும் ஒரே வரிசையைத்தான் வாசிக்கின்றன என்பதும் உண்மை. சோம்பேறித்தனம் மட்டும் காரணமில்லை. விளக்கு, திரையில் ஓடும் படம், தீப்பிழம்பு எல்லாம் பாட்டுக்குப் பாட்டு முன்கூட்டியே கணினியில் ஏற்றப்பட்டவை. ஒரு பாட்டை மாற்றினால் முப்பது பேர் வேலை மாறும். வயதான பாடகர்களுக்குக் குரல் இன்னொரு கவலை. உச்சத்துக்குப் போகும் இரண்டு பாட்டுகளை அடுத்தடுத்து வைத்தால் மறுநாள் ஊர் அவ்வளவுதான். அதனால்தான் நடுவில் கிட்டார் தனி, நீண்ட பேச்சு, மெதுவான பாட்டு எல்லாம் வரும். சில குழுக்கள் கிட்டாரின் சுருதியையே இறக்கி வைத்துக்கொள்வார்கள். காது உள்ளவர்களுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துவிட வேண்டியதுதான்.

மெட்டாலிகா 2023இல் தொடங்கிய சுற்றில் ஒரு நல்ல காரியம் செய்தது. ஒரே ஊரில் இரண்டு இரவு, முதல் இரவில் வாசித்த ஒரு பாட்டும் இரண்டாம் இரவில் வராது. பிஷ் என்ற அமெரிக்கக் குழு 2017இல் நியூயார்க்கில் 13 இரவு வாசித்து ஒரு பாட்டைக்கூட மறுபடி வாசிக்கவில்லை. நம் ஊர் பெரும்பாலும் ஓர் இரவு ஊர். வருகிறவர்கள் கையைச் சுட்டுக்கொள்ளாத வரிசையோடுதான் வருவார்கள். ஆகவே தெரியாத பாட்டு ஒன்று நமக்கு வந்தால் அதைப் பரிசு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ரசிகரைக் கேட்கவே கூடாது என்றும் சொல்லவில்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் 1965 பிப்ரவரியில் கில்மார்ட் சாலையில் இருந்த சிங்கப்பூர் பூப்பந்து மண்டபத்தில் பாடியவர்கள். அதற்குப் பிறகு அவர்கள் மறுபடி இங்கே பாட 2003 மார்ச் ஆகிவிட்டது. அதுவும் சார்ஸ் பரவத் தொடங்கிய நேரம். நமக்கு அடுத்து போக வேண்டியிருந்த ஹாங்காங் கச்சேரி தள்ளிப்போனது, நம்முடையது நூலிழையில் தப்பியது. 2014இல் மரினா பே சேண்ட்ஸில் பாடிய சுற்றில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு ஊர் ரசிகர்களும் இணையத்தில் வாக்களித்து ஒரே ஒரு பாட்டைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்று. மீதியெல்லாம் அவர்கள் விருப்பம். இந்த அளவு எனக்குச் சரியாகப் படுகிறது.

வரிசை தவறினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். 2019 நவம்பர் 30, டிசம்பர் 1 இரண்டு இரவும் காலாங் தேசிய விளையாட்டரங்கில் யூ2 குழு. சிங்கப்பூருக்கு அவர்கள் வந்தது அதுதான் முதல் தடவை. 1987இல் வெளிவந்த 'த ஜோஷுவா ட்ரீ' தொகுப்பின் 11 பாட்டையும் தட்டில் உள்ள அதே வரிசையில் வாசிக்கும் சுற்றுப்பயணம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தட்டில் மிகப் பெயர்பெற்ற மூன்று பாட்டும் முதல் மூன்று இடத்தில் இருக்கின்றன. வீட்டில் கேட்கும்போது அது குறையே இல்லை. கடையில் தட்டை வாங்கி ஊசியை வைத்ததும் ஆளை இழுத்துப் பிடிக்க அப்படித்தான் வைப்பார்கள். ஐம்பதாயிரம் பேர் கொள்ளும் அரங்கில் 'வித் ஆர் விதௌட் யூ' மூன்றாவதாக முடிந்துவிட்டால் அப்புறம் எட்டுப் பாட்டு இருக்கிறதே! தூக்கிப் பிடித்த கைத்தொலைபேசிகள் எல்லாம் அப்படியே கீழே இறங்கின. ஜனங்கள் உட்கார்ந்தார்கள். ஆறாவதாக 'ரெட் ஹில் மைனிங் டவுன்' வந்தது. 1984இல் பிரிட்டனில் தொடங்கிய சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் நொறுங்கிய குடும்பங்களைப் பற்றிய பாட்டு. தட்டு வெளிவந்து 2017 வரை, முப்பது ஆண்டு, அதை அவர்கள் மேடையில் பாடியதே இல்லை. அப்படிப்பட்ட அபூர்வமான ஒன்று காலாங்கில் காதில் விழுகிறது. என் பக்கத்து இருக்கைக்காரர், "ரெட்ஹில்லா, எம்ஆர்டி ஸ்டேஷனா?" என்று கேட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போனார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பாட்டை நாலாவது இடத்தில், பெரிய பாட்டு இரண்டுக்கு நடுவில் பொத்தி வைத்திருந்தால் அவரும் கேட்டிருப்பார். தெரியாத பாட்டு வைப்பதில் தப்பில்லை, வைக்கும் இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நம் இசையமைப்பாளர் அன்றைக்குத் தெரியாத பாட்டு மூன்றை ஒன்றாகக் கோத்துவிட்டார். அது ஒரு குறை, ஒப்புக்கொள்கிறேன்.

யூ2மேல் எனக்கு வேறு ஒரு மனத்தாங்கல் உண்டு. அந்த நவம்பர் மாதம்தான் அவர்கள் ஏ.ஆர்.ரஹ்மானோடு சேர்ந்து 'அஹிம்சா' என்ற பாட்டை வெளியிட்டிருந்தார்கள். அதில் திருக்குறள் ஒலிக்கிறது. 'இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயஞ் செய்து விடல்.' அயர்லாந்துக் குழுவின் பாட்டுக்குள் வள்ளுவர்! டிசம்பர் 15ஆம் தேதி மும்பைக் கச்சேரியில் ரஹ்மானும் அவர் மகள்களும் மேடையேறி அவர்களோடு அதைப் பாடினார்கள். தமிழ் அதிகாரத்துவ மொழியாக இருக்கும் நம் நாட்டில், அதற்கு இரண்டு வாரம் முன்பு, அது வரவில்லை. இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். நானும் ஒரு பாட்டு வரவில்லை என்று புலம்புகிறேனே என்று அந்த அன்பர் என்னைப் பிடித்துக்கொள்ளலாம். ஆசைப்படுவது வேறு, அண்ணே, உறுதிப்பத்திரம் கேட்பது வேறு. நான் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

கேட்டவர்கள் இருக்கிறார்கள். 2017 ஜூலையில் லண்டன் வெம்பிளி அரங்கில் ரஹ்மான் நடத்திய நிகழ்ச்சியில் தமிழ்ப் பாட்டு அதிகமாகிவிட்டது என்று சொல்லி இந்தி ரசிகர்கள் சிலர் பாதியில் எழுந்து போனார்கள். பணத்தைத் திருப்பிக் கொடு என்றுகூடச் சமூக ஊடகத்தில் எழுதினார்கள். நிகழ்ச்சியின் பெயரே 'நேற்று இன்று நாளை'. அப்போது நாமெல்லாம் எப்படிக் கொதித்தோம்! கோப்பிக்கடையில், ரயிலில், திருமண வீட்டில் எங்கும் அதே பேச்சு. ஒரு கலைஞன் தனக்குப் பிடித்த பாட்டைப் பாடக்கூடாதா என்று கேட்டோம். அந்தக் கேள்வி லண்டனுக்கு மட்டும்தான் பொருந்துமா?

அந்தக் கடிதத்தில் இன்னொரு வரி. "எல்லாப் பாட்டையும் முழுசாகப் பாட நேரமில்லை என்றால் மெட்லியாகவாவது பாடியிருக்கலாம்." இதைப் படித்ததும்தான் பேனாவை எடுத்தேன். நம் மேடைகளைப் பிடித்த நோய் இந்த மெட்லி. பல்லவி முடிந்து கூட்டம் கைதட்டுவதற்குள் அடுத்த பல்லவி. சரணமே கிடையாது. இளையராஜா பாட்டில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வயலின்கள் எழும்பி, புல்லாங்குழல் ஒன்று எங்கிருந்தோ நுழைந்து, பேஸ் கிட்டார் தன் பாட்டுக்குத் தனி வழியில் நடக்குமே, அந்த ஒரு நிமிடத்துக்காகத்தானே ஆள் வைத்து வாசிக்கிறோம்? மெட்லியில் முதலில் வெட்டுப்படுவது அதுதான். முப்பது வாத்தியக்காரர்களை விமானத்தில் கூட்டி வந்து சும்மா உட்கார வைப்பதற்கு அது ஒரு வழி. ராக் உலகமும் சுத்தமில்லை. எனக்கு உயிரான மெட்டாலிகாவே தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு தொகுப்பின் பாட்டுகளைத் துண்டு துண்டாக ஒட்டி மெட்லியாக வாசித்துக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டுகள் ஒவ்வொன்றும் மேடையில் முழுதாக நிற்கத் தகுதியானவை.

1985இல் நிதி திரட்டப் பல குழுக்கள் சேர்ந்து பாடிய லைவ் எய்ட் கச்சேரியில் குயின் குழு 21 நிமிடத்தில் 6 பாட்டு பாடவில்லையா, 'பொஹிமியன் ராப்சடி'யைப் பாதியில் நிறுத்தவில்லையா என்று என் மருமகன் மடக்குவார். நிறுத்தினார்கள்தான். அன்றைக்கு ஒவ்வொரு குழுவுக்கும் கிடைத்தது இருபது நிமிடம் போல. அதற்குள் அடங்க அவர்கள் உட்கார்ந்து, ஒத்திகை பார்த்து, நறுக்கித் தைத்தார்கள். மூன்று மணி நேரம் கையில் இருக்கும்போது ஏன் நறுக்க வேண்டும்? 2025 ஜூலை 5ஆம் தேதி பிளாக் சபாத் தங்கள் சொந்த ஊரான பர்மிங்ஹாமில் கடைசிக் கச்சேரி நடத்தியது. ஓசி ஆஸ்போர்னால் நிற்க முடியவில்லை; நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடினார். சபாத் வாசித்தது 4 பாட்டு. நாலும் முழுசு. ஐந்து பத்து பாட்டைத் தொட்டுத் தொட்டு விட்டிருந்தால் இன்னும் எத்தனையோ பேரைத் திருப்திப்படுத்தியிருக்கலாம். செய்யவில்லை. 17 நாள் கழித்து ஓசி இறந்துபோனார். அந்த நாலு பாட்டை நானும் அண்ணனும் அவர் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தோம். காது கேட்கும் கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, சத்தத்தை முழுதாக ஏற்றச் சொன்னார்.

பட்டியலை முன்கூட்டி வெளியிடும் யோசனைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2024 மார்ச்சில் டெய்லர் ஸ்விஃப்ட் தேசிய விளையாட்டரங்கில் 6 இரவு பாடியபோது என் பேத்தி அழுது அடம்பிடித்து ஓர் இரவுக்கு டிக்கெட் வாங்கினாள். அது என் வகை இசை இல்லை. ஆனால் அந்த நிகழ்ச்சியில் தினமும் ஓர் இடத்தில், முன்கூட்டி யாருக்கும் தெரியாத பாட்டுகளை அவர் தனியாகக் கிட்டாரோடும் பியானோவோடும் பாடுவார். மற்ற பாட்டுகளின் வரிசை உலகத்துக்கே மனப்பாடம். பிள்ளைகள் துடித்ததெல்லாம் அந்தத் தெரியாத பாட்டுக்குத்தான். டிக்கெட் கிடைக்காதவர்கள் அரங்குக்கு வெளியே தரையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு இருக்கும் இந்தத் துணிச்சல் நமக்கு இருக்கக் கூடாதா?

பாப் டிலனைப் பற்றி ஒரு வரி. 2018 ஆகஸ்டில் ஸ்டார் தியேட்டரில் பார்த்தேன். கிட்டாரைத் தொடவில்லை, பியானோவில் உட்கார்ந்துகொண்டார். ஊரறிந்த பாட்டுகளைக்கூட மெட்டை மாற்றி, பாதி போன பிறகுதான் இன்ன பாட்டு என்று நமக்குத் தெரிகிற மாதிரி பாடினார். என் தோழி கோபித்துக்கொண்டு முன்னதாகவே வீட்டுக்குப் போய்விட்டாள். டிலனுக்கு அதனால் நட்டமில்லை என்று நினைக்கிறேன்.

இங்கேயே பிறந்து வளர்ந்த குழுக்களையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ருத்ரா என்று ஒரு மெட்டல் குழு, நம் இந்தியப் பிள்ளைகள் 1992இல் தொடங்கியது. உறுமல் குரலில் வேதாந்தம் பாடுவார்கள். நடுவில் சமஸ்கிருத சுலோகம் வரும். வெளிநாட்டு மெட்டல் ரசிகர்களுக்குத் தெரிந்த அளவுக்கு அவர்களை நம்மவர்கள் கூடும் சிராங்கூன் சாலையில் யாருக்கும் தெரியாது. ஆர்மீனியன் ஸ்திரீட்டில் சப்ஸ்டேஷன் என்ற கலை மையம் இருந்த காலத்தில் உள்ளூர்க் குழுக்கள் அங்கே வாசிக்கும். ஒரு குழுவுக்குக் கிடைப்பது அரை மணி நேரம். ஹிட் என்று ஒன்றும் கிடையாது, எல்லாமே கேட்பவருக்குப் புதுசு. வரிசையை மட்டும் வைத்துக்கொண்டுதான் அந்தப் பிள்ளைகள் ஆளை நிற்க வைக்க வேண்டும். மேடைத் தரையில் டேப் போட்டு ஒட்டிய பாட்டுப் பட்டியலை ஒருமுறை கிட்டார்காரப் பையன் என்னிடம் கொடுத்தான். அதில் ஒரு பாட்டை அடித்து, மேலே எழுதி, மறுபடி அடித்து, அம்புக்குறி போட்டுக் கீழே கொண்டுபோயிருந்தார்கள். அரை மணி நேரத்துக்கு அவ்வளவு யோசனை!

இப்போது அந்த அன்பர் இழந்த பாட்டுகளின் கணக்குக்கு வருகிறேன். அன்றைய நிகழ்ச்சியும் என் நோட்டில் இருக்கிறது. அச்சடித்த நேரத்துக்கு 35 நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. தொகுப்பாளர்கள் இருவரும் கூட்டத்தை "சத்தம் பத்தாது" என்று மிரட்டியது எல்லாம் சேர்த்து 20 நிமிடத்துக்குக் குறையாது. ஆதரவாளர்களுக்கு நன்றி, பொன்னாடை, மாலை, நினைவுப்பரிசு, அதற்குப் படம் பிடிப்பது என்று ஒரு 25 நிமிடம். இசையமைப்பாளர் பாவம், பூமாலையோடு மைக்கைப் பிடிக்க முடியாமல் நின்றார். கூட்டினால் 80 நிமிடம். ஒரு பாட்டுக்கு 5 நிமிடம் என்று வைத்தாலும் 16 பாட்டு. தெரியாத பாட்டு என்று அவர் சொன்னது மொத்தமே மூன்றுதான், 15 நிமிடம்கூட ஆகவில்லை.

ஆகவே ஏற்பாட்டாளர்களிடம் உறுதி கேட்பதாக இருந்தால் இப்படிக் கேட்போம்: சொன்ன நேரத்துக்குத் தொடங்குங்கள். பொன்னாடையை ஒப்பனை அறையிலேயே போர்த்திவிடுங்கள். மேடையில் ஏறிய பிறகு எதைப் பாடுவது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
ஈசூன்